குழி தவறினால் கை மாறும்

முதலில் கை மாற்றியது பல் டாக்டரா, லிப்ட்காரரா என்பதில் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. டாக்டர், தான்தான் என்கிறார். லிப்ட்காரரும் தான்தான் என்கிறார். அவர்கள் இருவருக்கும் நாலு நாள் முன்பே மனசுக்குள் தான் மாற்றிவிட்டதாக அக்கா சொல்கிறாள். அன்றைக்கு நான் அந்த பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். எழுத்தெழுத்தாகப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன். ஆனாலும் சரியாகப் பார்க்கவில்லை. என் கண் ஆட்டத்தில் இல்லை, காகிதத்தில் இருந்தது. அதனால் இதைச் சொல்லும்போது ஒன்றிரண்டு இடங்களில் தடுமாறுவேன். காகிதத்தில் என்ன இருந்தது என்பதில் மட்டும் தடுமாற்றம் கிடையாது. அதை எழுதியவன் நான்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், மிக்சியோடு வருகிற கையேடு, பேருந்து நேர அட்டவணை என்று யாரும் படிக்காதவற்றை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிக்கிற ஒரே ஆள் நான்தான். நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்குச் சௌகரியம். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். அங்கே நானும் புத்தகங்களும் மட்டும். சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கினால் அத்தான் பேசுவார், நான் கேட்பேன், சோறு ஆறுவதற்குள் அக்கா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்துவாள்.

அத்தான் பில்லியர்ட்ஸ் மேசைகளுக்குத் துணி இழுப்பவர். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். மேசைக்குள்ளே கனமான கற்பலகை இருக்கிறது. அதன்மேல் பச்சைத் துணியை ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துப் பொருத்த வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் பந்து வளைந்து ஓடும், கொஞ்சம் இறுகினால் துணி கிழியும். அந்த ஊரில் இருந்த பெரும்பாலான மேசைகளுக்கு அவர் கைதான். வேலை செய்யும்போதும் பேசிக்கொண்டே இருப்பார். கேட்க ஆள் இல்லாவிட்டால் துணியோடு பேசுவார்.

அவர் வழக்கமாக வேலை பார்த்த மனமகிழ் மன்றத்தில் மூன்று மேசைகள் இருந்தன. முந்தைய வருஷம் மூன்றாவது மேசையைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு ஏற்றினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் அத்தான் பிடித்திருந்த வார் கையை விட்டு நழுவியது. மேசை சுவரில் மோதி, ஒரு மூலையில் கல் உடைந்துபோயிற்று. ஆறு குழிகளில் ஒன்று காலி. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உடைந்த மூலையை மரக்கட்டை வைத்து அடைத்து, மேலே துணி இழுத்து, தையல் தெரியாமல் மூடினார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஐந்து குழி மேசையில் ஆட யார் வருவார்கள்? வந்தவர்கள் அதன்மேல் பையையும் ஹெல்மெட்டையும் வைத்துவிட்டு மற்ற இரண்டு மேசைகளில் ஆடினார்கள்.

மேசையை அப்புறப்படுத்துவது என்று மன்றம் முடிவு செய்தது. அத்தான் அதற்குள் ஒரு ஆட்டமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஆறு குழிக்கு ஆட்டம் இருக்கு. அஞ்சு குழிக்கு இல்ல. அவ்வளவுதானே மாப்ள பிரச்சினை? மேசைல குறை இல்ல, ஆட்டத்துலதான் குறை!"

ஐங்குழி என்று அதற்குப் பெயர் வைத்தார். ஐந்து நிறப் பந்துகள், ஐந்து குழிகள். ஒரு குழி ஒரு பந்தைத்தான் விழுங்கும். ஒரு பந்து விழுந்த குழி அந்த ஆட்டத்துக்கு நிரம்பிவிட்டது. அதில் இன்னொன்று விழுந்தால் எடுத்து அந்த மூடிய மூலையில் வைக்க வேண்டும். ஆடப் போகப்போக இடம் குறையும். கடைசிப் பந்துக்குக் கடைசிக் குழி ஒன்றுதான் மிஞ்சும். மூன்று பந்துகளை முதலில் போட்டவர் ஜெயித்தவர்.

மன்றத்தின் செயலாளரை எல்லோரும் விசில் என்பார்கள். ஒரு காலத்தில் கால்பந்து நடுவராக இருந்தவர். அந்த விசில் இன்னமும் கழுத்தில் தொங்கும். கூட்டம் முடிந்தது என்பதைக்கூட ஊதித்தான் சொல்வார். அத்தான் அவருக்கு ஆட்டத்தை விளக்கினார். மேசையைச் சுற்றி ஓடி, குனிந்து, பந்தாகவும் குழியாகவும் மாறி மாறி நடித்து.

விசில் பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. நீ சொன்னா சுவருக்குக்கூடப் புரியும்பா. நீ இல்லாதப்ப யாரு சொல்வா? ஒரு பேப்பர் எழுதிக் குடு. இந்த ஆட்டத்தைக் கேள்விப்படாத ரெண்டு பேரை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். அவங்க பேப்பரைப் படிச்சே ஆடி முடிக்கணும். நீ வாயைத் திறக்கக்கூடாது. சைகையும் கூடாது. பேப்பர் பாஸாச்சுன்னா மேசை இங்கயே இருக்கும். இல்லேன்னா அதுக்கடுத்த வியாழக்கிழமை லாரி வருது."

"வாயைத் திறக்கக்கூடாதா?" என்றார் அத்தான். லாரியைவிட அது அவருக்குப் பெரிய அதிர்ச்சி.

"திறந்தா ஊதிடுவேன்."

அப்படித்தான் அந்தக் காகிதம் என்னிடம் வந்தது.

புதன்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் அத்தான் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதினேன் என்பதைவிட, வெட்டினேன் என்று சொல்ல வேண்டும். அவருடைய விதி ஒவ்வொன்றும் முக்கால் பக்கம் வந்தது. "போடலேன்னு வச்சுக்க மாப்ள, ஸ்டிக்கைத் தூக்கிட்டுத் தள்ளி நின்னுடணும், எதிராளி வந்து ஆடுவான், அவன் ஆடறப்போ இருமக்கூடாது, முறைக்கக்கூடாது..." இதை நான் நான்கே சொற்களில் முடித்தேன். குழி தவறினால் கை மாறும்.

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. நாள்பூராவும் அடுத்தவர் எழுத்திலேயே கிடக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு நல்ல வாக்கியம் அமைவது அபூர்வம். சொத்து கை மாறுகிறது, பதவி கை மாறுகிறது, அதுபோல ஆட்டமும் கை மாறுகிறது. ஐந்து விதிகள், அரைப் பக்கம், ஒரு எழுத்துப்பிழை இல்லை. அன்றைக்கு எனக்கு லேசாகக் கர்வம் இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

அக்கா மருந்துக் கடையிலிருந்து வந்தாள். பதினாறு வருஷமாக அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அத்தான் தாளை அவளிடம் நீட்டினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள்.

"புரிஞ்சுதா?" என்றார் அத்தான்.

"புரிஞ்சுது."

"அவ்வளவுதான்! பாஸ்!"

"அது எப்படிங்க பாஸ்?" என்றாள் அக்கா. "எங்க கடைல, புரிஞ்சுதான்னு கேட்டா நூத்துக்கு நூறு பேரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க. காதுக்கு விடற சொட்டு மருந்தைக் கண்ணுல விட்டுட்டு வந்து நிக்கறவங்களும் அப்படிச் சொல்லிட்டுப் போனவங்கதான். புரிஞ்சுதான்னு கேட்கக்கூடாது. என்ன புரிஞ்சுதுன்னு கேட்கணும்."

"உனக்குப் புரிஞ்சுதுல்ல? அப்புறம் என்ன?" அத்தான் அதற்குள் போனை எடுத்து விசிலுக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "டேய், நீயாவது கேளேன்."

"தெளிவாத்தான்க்கா இருக்கு" என்றேன். குரலில் கொஞ்சம் உப்பிக்கொண்டுதான் சொல்லியிருப்பேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனாள்.

ஞாயிறு காலை பத்து மணி. மாடி ஹாலில் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். மூன்றாம் மேசையிலிருந்த ஹெல்மெட்டுகளை அத்தான் தன் கையாலேயே அகற்றி, பிரஷ்ஷால் துணியை ஒரே திசையில் நீவிவிட்டிருந்தார். விசில் கூட்டிவந்தவர்களில் ஒருவர் எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர். இன்னொருவர் அதே கட்டடத்தில் லிப்ட் பழுது பார்ப்பவர். டாக்டர் மாடி ஏறுவதற்காகவும் இவர் அதே லிப்டைச் சரி செய்வதற்காகவும் வாரம் இரண்டு முறையாவது சந்தித்துச் சண்டை போடுகிறவர்கள்.

"இன்னிக்காவது ஓடுமா உங்க லிப்ட்டு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் உள்ளே வந்தார்.

"லிப்ட்டு ஓடுது டாக்டரம்மா. நீங்கதான் எல்லா பட்டனையும் ஒண்ணா அமுக்கறீங்க."

அத்தான் சுவரோரமாக நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். கைகள் சைகை செய்துவிடும் என்ற பயத்தில் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "எங்கிட்ட வர்றவங்க எல்லாம் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. உங்களை மூட வச்சிருக்காங்க. ஆளை மாத்திக்கலாமா சார்?"

அத்தான் பதில் சொல்ல வாயெடுத்தார். விசிலின் கை கழுத்தில் தொங்கிய விசிலுக்குப் போனது. வாய் மூடிக்கொண்டது.

இருவரும் தாளை ஒரே சமயத்தில் படித்தார்கள், தோளோடு தோள் நின்று. நான் அவர்கள் கண்கள் வரிவரியாக இறங்குவதைப் பார்த்தேன். நாலாவது விதியில் லிப்ட்காரர் புருவத்தைத் தூக்கினார். டாக்டர் "அட!" என்றார். வாக்கியத்தை ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைத்திருப்பேன்?

விசில் ஊதினார். லிப்ட்காரர் முதலில் அடித்தார். பந்துகள் சிதறின, எதுவும் விழவில்லை. விலகி நின்றார். டாக்டர் அடித்தார். சிவப்பு குழியின் உதடுவரை போய் நின்றுவிட்டது. அவரும் விலகினார். லிப்ட்காரர் மறுபடி வந்து அடித்தார், தவறினார். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அத்தான் முகத்தில் வெளிச்சம்.

அப்புறம் டாக்டர் வந்தார். கோலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். உடம்பையே திருப்பிக்கொண்டு, வராத கோலத்தை வரவழைக்கிறவர் மாதிரி குனிந்தார். அடித்தார். கோல் பந்தின் காதில் உரசிக்கொண்டு போயிற்று.

வலது மணிக்கட்டில் வலியோ என்னவோ என்று நினைத்தேன். அடுத்த முறை அவர் வலது கைக்கு வந்தார். அதற்கும் அடுத்த முறை இடது. அப்போதுதான் லிப்ட்காரரைக் கவனித்தேன். அவரும் மாற்றிக்கொண்டிருந்தார். ஒன்று இடது, ஒன்று வலது. அவர் பிறவியிலேயே இடதுகைக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் வலது கைக்கு மாறியபோது எல்லோரையும் போல இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. முதலில் யார் மாற்றினார்கள் என்ற வழக்கு இன்றும் முடியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

குழி தவறினால் கை மாறும். அந்த வரி இப்போது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

அத்தானைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. தொடைக்கு அடியில் இருந்த கைகள் நெளிந்தன. முகம் சிவந்தது. அக்கா அவர் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் மட்டும் அருமையாக நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். லிப்ட்காரர் வலது கையால் அடிக்கும்போதெல்லாம் நாக்கை வெளியே நீட்டினார். "நாக்கைக் கொஞ்சம் உள்ள வைங்க, எனக்கு வேலை ஞாபகம் வருது" என்றார் டாக்டர். ஒருமுறை, கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தே குழியில் விழுந்துவிட்டது. அதற்கு நான் விதி எழுதியிருக்கவில்லை. விசில் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

"வெள்ளையும் பந்துதானே?" என்றார் லிப்ட்காரர்.

"அப்ப மூலைக்குப் போகட்டும்" என்றார் டாக்டர். வைத்துவிட்டு ஆடினார்கள்.

இரண்டுக்கு இரண்டு வந்தது. மிச்சம் ஒரு நீலப் பந்து, ஒரு நடுக் குழி. முறை டாக்டருடையது. கை இடது. வேடிக்கை பார்த்தவர்கள் "போச்சு" என்றார்கள்.

"எது போச்சு?" என்று அவர் கோலை மாற்றினார். "பல்லு பிடுங்கறப்ப வலது கையில கொறடு, இடது கையில கண்ணாடி. இருபது வருஷமா அந்தக் கண்ணாடி ஆடினதில்ல." அடித்தார். நீலம் ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போயிற்று. ஹாலே கத்தியது.

விசில் நீளமாக ஊதினார். அவர் முகத்திலும் சிரிப்பு. "ஒரு சந்தேகம் கேட்கல. ஒரு சண்டை வரல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி புரிஞ்சுக்கிட்டு ஆடியிருக்காங்க. இப்ப நீ வாயைத் திறக்கலாம்பா. ஒரே கேள்விதான். இவங்க ஆடினது உன் ஆட்டம்தானே?"

மௌனங்களோடு எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. புத்தகத்தை மூடியதும் வருகிற மௌனம் ஒன்று, சாப்பாட்டின் நடுவே கோபத்தில் வருவது ஒன்று, சொல்ல எதுவும் இல்லாததால் வருவது இன்னொன்று. ஆனால் அத்தானிடம் நான் மௌனம் என்று எதையும் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன். அவர் அந்த மூடிய மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். மேசை இருந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தெரிந்தவன் நான் ஒருவன், நான் பேசாதவன் என்பது அவருக்குத் தெரியும்.

"இல்ல சார்" என்றார் அத்தான்.

விசிலின் சிரிப்பு நின்றது. "இல்லையா?"

"என் ஆட்டத்துல கையை மாத்த வேண்டியதில்ல. தப்பினா எதிராளி ஆடணும். அவ்வளவுதான்."

அத்தனை பேரும் தாளைப் பார்த்தார்கள். அங்கே என்னைத் தவிர வேறு யாரும் பேச முடியாது என்ற நிலை வந்துவிட்டது. "தப்பு என்னுது" என்றேன். "கை மாறும்னா... ஆடற முறை அடுத்தவங்க கைக்குப் போகும்னு அர்த்தத்துல எழுதினேன்."

"கை மாறும்னா கை மாறணும்தானே?" என்றார் லிப்ட்காரர் நிஜமான குழப்பத்தோடு. "கால் மாறும்னு எழுதியிருந்தா காலை மாத்தி நின்னிருப்பேன்."

"முறை எதிராளிக்குப் போறதுக்கு ஒரு ரூல் எழுதுவாங்களா?" என்றார் டாக்டர். "அது எல்லா ஆட்டத்துலயும் இருக்கறதுதானே. அதான் இது ஏதோ விசேஷம்னு நினைச்சேன்."

அப்போது அக்கா சொன்னாள்: "நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். "நீயுமா? அன்னிக்கே சொல்லலாமில்ல?"

"என்னங்க இப்படி ஒரு விசித்திரமான ரூல் வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். புரிஞ்சுதான்னு கேட்டீங்க, புரிஞ்சுதுன்னேன். என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்கன்னேன். கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

 

விசில் தாளை நாலாக மடித்தார். "எழுதினவன் நினைச்சது ஒண்ணு, படிச்சவங்க ஆடினது ஒண்ணு. இதுக்கு எப்படிப்பா பாஸ் போடறது? நீ ஆமான்னு சொல்லியிருந்தா போட்டிருப்பேன். ஏன் சொல்லல?"

"ஏற்கெனவே ஒருதடவை இந்த மேசையை நழுவ விட்டாச்சு சார்."

விசில் மடித்த தாளை அத்தானிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "புதன்கிழமை சாயந்திரம். வேற ரெண்டு பேர். அதான் கடைசி" என்றார்.

வீடு திரும்பும் வழியில் அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மௌனிகளுக்கு நடுவே நடக்க நேர்ந்ததில் அக்காவுக்கு எரிச்சல். "யாராவது ஒருத்தர் எதையாவது சொல்லித் தொலைங்களேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அத்தான் கையை மட்டும் அசைத்தார். என் வேலை என்ன என்று அதுவரை நான் நினைத்திருந்தது எனக்குள்ளேயே ஆடிப்போயிருந்தது. ஒரு வரியில் பிழை இல்லை என்று எத்தனை தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? அவற்றை யார் எப்படிப் படித்தார்கள் என்று ஒருநாளாவது நினைத்துப் பார்த்திருக்கிறேனா?

திங்கள் மாலை புதிய தாளோடு கீழே இறங்கினேன். நாலாவது விதியை, தவறினால் எதிராளி ஆட வேண்டும் என்று நேராக எழுதியிருந்தேன். அத்தான் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இன்னிக்குப் பட்டறைல ஒரு மேசை மூலையை அடைச்சு வச்சு அதை ஆடிப் பார்த்தேன் மாப்ள."

"எதை?"

"உன் ரூலை. கை மாத்தி. கூட வேலை பார்க்கறவரோட." நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவர் என்கிட்ட ஒருநாளும் ஜெயிச்சதில்ல. இன்னிக்கு ஜெயிச்சுட்டார். என்னா சந்தோஷங்கறே அந்த மனுஷனுக்கு! எனக்கும் சிரிப்பு அடங்கல. என் ஆட்டத்துல யாரு நல்லா ஆடுவாங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க. இதுல அப்படி இல்ல."

"அப்ப இந்தப் பேப்பரை என்ன செய்யறது?"

"பேப்பரைத் திருத்த வேணாம். ஆட்டத்தைத் திருத்திக்கலாம்."

"பேப்பரையும் திருத்தணும்" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து. வந்து எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள். "கை மாறும்னு எழுதினதை நான் ஒருவிதமா படிச்சேன், நாளைக்கு ஒருத்தன் உன்னை மாதிரி படிப்பான். அப்புறம் ஒரு கையால ஒருத்தன், ரெண்டு கையால ஒருத்தன் ஆடிட்டு அடிச்சுக்குவாங்க. டேய், அழகா எழுதாத. கடைல நான் சொல்ற மாதிரி எழுது."

அவள் சொல்ல நான் எழுதினேன். பந்து விழாவிட்டால் எதிராளி ஆட வேண்டும். உங்கள் முறை மறுபடி வரும்போது, போன தடவை எந்தக் கையால் அடித்தீர்களோ அந்தக் கையால் அடிக்கக்கூடாது. மற்றக் கையால் அடிக்க வேண்டும். நீளமான வரி. அழகில்லாத வரி. வெள்ளைப் பந்துக்கும் ஒன்று சேர்த்தோம், டாக்டரும் லிப்ட்காரரும் தாங்களே செய்துகொண்டபடி.

ஒவ்வொரு விதி முடிந்ததும் அக்கா அத்தானைப் பார்த்து, "என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்றாள். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். மூன்றாவது விதியில் தப்பாகவும் சொன்னார். அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்தேன். ஆடத் தொடங்கும் முன் இருவரும் விதிகளைத் தாளைப் பார்க்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிக் காட்ட வேண்டும்.

"இது விதியா?" என்றார் அத்தான்.

"இதான் முதல் விதி" என்றாள் அக்கா. அதைக் கடைசியிலிருந்து எடுத்து மேலே போட்டேன்.

புதன் மாலை விசில் ஒரு தபால்காரரையும் அவர் மனைவியையும் கூட்டிவந்தார். அத்தான் அதே நாற்காலியில், அதே மாதிரி கைகளின்மேல் உட்கார்ந்தார். கணவனும் மனைவியும் படித்தார்கள். தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். தபால்காரர் சொல்லத் தொடங்கினார்.

"தவறினா நான் மறு கையால திரும்ப அடிக்கணும்..."

"அதான் இல்ல" என்றார் மனைவி. "தவறினா நான் அடிப்பேன். திரும்ப உங்க முறை வர்றப்பதான் மறு கை. வீட்டுலதான் ஒருத்தரே ரெண்டு தடவை பேசுவீங்க, இங்க முடியாது."

தபால்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா, நீ சொல்றதுதான் சரி."

விசில் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எதையும் பார்க்காதவள் போலச் சன்னல் கொக்கியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் ஆடினார்கள். வெள்ளைப் பந்து இரண்டு முறை விழுந்தது, இரண்டு முறையும் மூலைக்குப் போயிற்று. மனைவி ஜெயித்தார். விசில் எழுந்து, போன தடவை கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"ஆமா சார்" என்றார் அத்தான். "இதான் என் ஆட்டம்." அதன் பிறகு நாலு நாளாக அடைத்து வைத்திருந்த பேச்சையெல்லாம் தபால்காரர் தம்பதியிடம் கொட்ட ஆரம்பித்தார். விசில் மூன்று முறை ஊதியும் நிறுத்த முடியவில்லை.

வியாழக்கிழமை லாரி வந்தது. மன்றத்தில் கிடந்த இரண்டு பழைய பீரோக்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

மூன்றாம் மேசை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. வேறு இரண்டு மன்றங்கள் நன்றாக இருந்த தங்கள் மேசைகளில் ஒரு மூலையை அடைத்துத் தரச் சொல்லி அத்தானைக் கூப்பிட்டன. அடைத்துக் கொடுத்தார். முதல் ஐங்குழிப் போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றார், இடது கையால். இப்போதும் துணி இழுக்கிறார். விசில் பதவி விலகி மகள் வீட்டோடு போய்விட்டார். விசிலை மன்றத்தில் விட்டுப் போயிருக்கிறார். டாக்டர் தரைத்தளத்துக்குக் கிளினிக்கை மாற்றிக்கொண்டார். லிப்டைப் பற்றிச் சண்டை போட முடியாமல் போனதால் லிப்ட்காரர் சனிக்கிழமைதோறும் ஐங்குழியில் அவரிடம் தோற்றுவிட்டு, யார் முதலில் கை மாற்றியது என்று சண்டை போடுகிறார். தபால்காரர் ஓய்வு பெற்றார். மனைவி மன்றத்தின் பொருளாளர். அக்கா அதே மருந்துக் கடையில் இருக்கிறாள். நான் அதே அச்சகத்தில் இருக்கிறேன். தாளில் கையெழுத்துப் போடும் முன் வாசலில் இருக்கும் காவலாளியிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுக்கிறேன். என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நிற்கிறேன்.